வாப்பாவின் வருத்தம்

"வாப்பா, கையை எடுங்கோ! வருத்தக்காரர் இனிப்புத் தின்னக்கூடாது."

அஸ்னா பாய்ந்து வந்து மஸ்கட் பெட்டியை மூடினாள். கச்சு முகம்மது நீட்டிய கையை மடியில் வைத்துக்கொண்டார்.

புத்தளத்தில் விடியுமுன் பஸ் ஏறி, ஓமந்தைச் சோதனைச்சாவடியெல்லாம் தாண்டி, அப்போதுதான் முள்ளியவளைக்கு வந்து சேர்ந்திருந்தான் அஸ்வர். வாப்பாவுக்கென்று தேடி வாங்கிய மஸ்கட் அது.

"வருத்தமோ? ஆருக்கு வருத்தம்?"

"வாப்பாக்குத்தான். நெஞ்சில. டொக்டர் சொன்னவர்."

சொல்லிவிட்டு அவள் பெட்டியோடு வேலிப்பக்கம் போய், பக்கத்துக் கதிர்காமநாதன் வீட்டுப் பிள்ளைகளைக் கூப்பிட்டாள்.

அஸ்வர் தகப்பனைப் பார்த்தான். சமாதானம் வந்ததும், அகதியாய் இருந்த புத்தளத்திலிருந்து உம்மாவையும் தங்கச்சியையும் கூட்டிக்கொண்டு சொந்தக் காணிக்குத் திரும்பியவர். அன்றைக்குப் பஸ்ஸின் மேல்தட்டுக்கு நெல்லு மூட்டையைத் தனியாளாக ஏற்றிய மனிதர். இப்போது சட்டை தோளில் தொங்கியது. கன்னம் உள்ளே போயிருந்தது.

"ஏன் வாப்பா எனக்கு ஒரு கடிதம் போடேல்லை?"

"பெரிசா ஒண்டுமில்லை மகன்."

குசினிக்குள் மீன் கழுவிக்கொண்டிருந்த ஆசியா உம்மா திரும்பியே பார்க்கவில்லை.

மத்தியானச் சாப்பாட்டை அஸ்னாதான் போட்டாள். ஆளுக்கு ஒரு சிரட்டைச் சோறு, ஒரு துண்டு மீன், மிச்சமெல்லாம் கீரை. பயணக் களைப்பில் வந்தவனுக்கும் அதே அளவு.

"எல்லாருக்கும் ஒண்டுதான் நானா," என்று தமையனுக்குச் சொல்லிப் பானையை மூடினாள்.

"இன்னும் கொஞ்சம் போடு பிள்ளை," என்றார் கச்சு முகம்மது.

"ஏலாது வாப்பா."

அவர் வெறும் விரலைச் சூப்பிக்கொண்டு எழும்பிப் போனார். அஸ்வருக்கு அது பொறுக்கவில்லை. அஸ்னாவுக்கு இருபது வயது. இன்னும் தன் பேரை எழுத வராது. மணிக்கூடு பார்க்கத் தெரியாது. ஒன்றும் விளங்காத பிள்ளை என்றுதான் பிறந்ததிலிருந்து எல்லோரும் அவளைப் பொத்திப் பொத்தி வளர்த்தார்கள். நெஞ்சு வருத்தக்காரரை அவள் கையில் விட்டுவிட்டு உம்மா பேசாமல் இருக்கிறாவே!

"நாளைக்கு என்னோட வெளிக்கிடுங்கோ வாப்பா. கொழும்பில காட்டுவம்."

"அதுக்கு அவசியமில்லை."

"இவள் சொல்லுறதைக் கேட்டுப் பட்டினி கிடந்து சாகப் போறீங்களோ?"

அவர் சால்வையை உதறித் தோளில் போட்டுக்கொண்டார்.

அடுத்த நாள் விடியற்காலை சுபஹுத் தொழுகை முடிந்த கையோடு அஸ்னாவின் குரல் கேட்டது. "வாப்பா, நடக்கோணும்! எழும்புங்கோ!" நாலு பேரும் குளக்கட்டில் நடந்தார்கள். அவள்தான் முன்னுக்கு. கொஞ்சத் தூரத்துக்கு ஒரு தரம் நின்று திரும்பிப் பார்த்தாள்.

"வாப்பாக்கு மூச்சு வாங்குது. கொஞ்சம் நிப்பம்," என்றாள். பிறகு உம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு மெல்ல நடந்தாள்.

அவர்கள் எட்டிப் போனதும் அஸ்வர் தகப்பனின் தோளைப் பிடித்தான். "மூச்சு வாங்குற ஆளை இவ்வளவு தூரம் நடத்துறதோ? இண்டைக்கே போவம் வாப்பா. என்ர தலையில அடிச்சுச் சொல்லுறன், வாங்கோ."

கச்சு முகம்மது முன்னால் போகிறவர்களைப் பார்த்தபடி குரலைத் தாழ்த்தினார்.

"வருத்தம் எனக்கில்லை மகன். அவளுக்கு."

அஸ்வர் முன்னால் போகிற தங்கச்சியைப் பார்த்தான்.

"பிறவியிலேயே நெஞ்சுக்குள்ள பழுதாம். இந்தப் பெருத்த உடம்போட கன காலம் தாங்காதாம். நிறை குறைக்கோணும், வீட்டில எல்லாரும் சேர்ந்து செய்தாத்தான் பிள்ளையும் செய்யுமெண்டு டொக்டர் சொன்னார். உம்மா சோத்தைக் குறைச்சா. இவள் பசிக்குதெண்டு என்ர முகத்தைப் பாப்பாள். எனக்குத் தாங்கேலாது. உம்மாக்குத் தெரியாமல் பாணும் சீனியும் குடுத்துப்போடுவன். அடுத்த மாசம் நிறை கூடிப்போச்சு. கிளினிக்கில வைச்சே அழுதுபோட்டன்."

அவர் சால்வையால் முகத்தைத் துடைத்தார்.

"அண்டைக்குத்தான் அந்தப் பொய்யைச் சொன்னன். வருத்தம் வாப்பாக்கு, நீதான் வாப்பாவைப் பாக்கோணுமெண்டு. அடுத்த நாளே பானையைத் தன்ர கையில எடுத்திட்டாள். நான் என்ன தின்னுறனோ அதுதான் தானும் தின்னுவாள். எட்டு மாசத்தில பதினொரு கிலோ இறங்கிட்டாள், மகன். அல்லாஹ் அந்தப் பொய்யை மன்னிப்பான். பாவம், அவளுக்கு இது ஒண்டும் விளங்காது."

முகம் கழுவ அவர் தண்ணீர் திறக்கும் துருசுப் பக்கம் குளத்தில் இறங்கினார். அஸ்வர் விறுவிறென்று முன்னால் நடந்தான். உம்மா கட்டுக்குக் கீழே கீரை ஆய்ந்துகொண்டிருந்தா. அஸ்னா ஒரு கல்லில் குந்தி, நெஞ்சில் கையை வைத்து மூச்சு விட்டுக்கொண்டிருந்தாள். அஸ்வர் அவளுக்குப் பக்கத்தில் குந்தினான்.

"நீ வாப்பாவை நல்லாப் பாக்கிறாய் தங்கச்சி," என்றான்.

அவள் எட்டி, வாப்பா தூரத்தில்தான் நிற்கிறார் என்று பார்த்துக்கொண்டாள். பிறகு அவன் காதோடு வாயை வைத்தாள்.

"வாப்பாட்டச் சொல்லிப்போடாதீங்கோ நானா. இடிக்கிறது என்ர நெஞ்சுதானே, எனக்குத் தெரியாதோ? எனக்கு வருத்தமெண்டா அவர் அழுது அழுது ஒளிச்சுத் தின்னத் தருவார். தனக்கெண்டாத்தான் தராமல் இருப்பார்."