விமானி உட்காரும் இடம்

மெட்ராஸ் மூர் மார்க்கெட்டில் மலிவாக வாங்கிய பிளாஸ்டிக் பொம்மை விமானத்தில், விமானி உட்காரும் இடம் வெறும் பள்ளமாக இருந்தது. விருத்தாசலம் பீங்கான் தொழிற்சாலையில் பொம்மைகளுக்குக் கண் எழுதும் சகாயத்துக்கு அது பொறுக்கவில்லை. சூளையில் சுருங்குமே என்று சற்றுப் பெரிதாகவே களிமண்ணில் ஓர் இருக்கை செய்து சுட்டெடுத்தார். அது கச்சிதமாகப் பொருந்தியது. இருக்கைக்கு முன்னால் மீட்டர்கள் வரைந்து, ஒற்றை மயிர்த் தூரிகையால் அவற்றுக்கு முள்ளும் வரைந்தார். பள்ளத்தின் மேல் கண்ணாடி மூடி ஒன்றைப் பசை போட்டு ஒட்டினார்.

மனைவி அருள்மேரி கண்ணை இடுக்கிப் பார்த்தாள். “யப்பா! ஆளே ஏறி உக்காந்துக்கலாம் போல இருக்குதுங்க!”

“வரச் சொல்லு, உக்காரட்டும்” என்று சிரித்தார் சகாயம்.

மறுநாள் காலை இருக்கையின் நடுவில் குழி விழுந்திருந்தது.

“இது நீங்க வச்ச குழியா?”

“இல்ல மேரி, தட்டையாத்தான் செஞ்சேன். சுட்ட பீங்கான் உடையும், அமுங்காது.”

மூடியைப் பெயர்க்கச் சகாயம் பிளேடை எடுத்தார். அதற்குள் மூடியின் உட்புறம் ஆவி படர்ந்து வெளுத்தது.

“உள்ள புழுங்குது போல” என்றாள் அருள்மேரி, பரிதாபமாக.

இருவரும் பார்த்துக்கொண்டிருக்கும்போதே, அந்த ஆவியில் மிளகளவு வட்டம் ஒன்று உள்ளிருந்து துடைக்கப்பட்டது.