தகட்டில் மூன்று மான்கள்

மொத்தம் முந்நூறே செய்த அந்தத் துப்பாக்கிகளில் வெர்லினுடையது நூற்று நாற்பத்தொன்றாவது. அதன் பக்கத் தகட்டில் தங்கத்தில் மூன்று மான்கள் இழைத்திருந்தார்கள். வாங்கிய நாள் முதல் கண்ணாடிப் பெட்டியில் பூட்டி, சாவியைக் கழுத்தில் போட்டிருந்தான்.

மூன்று வேட்டைக்காலங்கள் வந்துபோயின. ஒவ்வொன்றின் முதல் நாளும் தகட்டில் ஒரு மான் குறைந்தது, குழலில் வெடிமருந்து நெடி அடித்தது. அவன் யாரிடமும் சொல்லவில்லை.

“பூட்டி வச்சுக் கும்பிடவா வாங்கின? மான்கறி தின்னு எத்தனை வருஷமாச்சு!” என்றாள் மனைவி லோர்னா, துவைத்த துணிக்கூடையைத் தூக்கியபடி.

“ஒரு தடவை சுட்டாலும் பாதி விலைதான் போகும். வேட்டைக்காரங்க கண்ணுல படற மாதிரி ஆரஞ்சுச் சட்டையப் போட்டுக்கிட்டுப் போ. இன்னைக்கு வேட்டை ஆரம்பம்.”

“நம்ம கொல்லையில என்னை எவன் மான்னு நினைப்பான்?”

கதவு சாத்திக்கொண்டது. வெர்லின் பெட்டியைத் திறந்து துப்பாக்கியை எடுத்தான். மான்கள் இருந்த இடத்தில் தங்கத்தில் ஒரு பெண் கைகளை உயர்த்தி விரிப்பைக் காயப்போட்டுக்கொண்டிருந்தாள்.

துப்பாக்கியோடு வெளியே ஓடினான். ஆரஞ்சுச் சட்டை கதவோரம் ஆணியிலேயே தொங்கியது. கொடியில் வெள்ளை விரிப்பு அசைந்தது. அதற்குக் கீழே லோர்னாவின் பாதங்கள் இரண்டும் வானம் பார்த்துக் கிடந்தன.

வெடிச்சத்தம் எதுவும் கேட்கவில்லை. கையில் குழல் சூடாக இருந்தது. தகட்டில் இப்போது யாருமில்லை.