அப்பாக்கு ஒண்ணு, பாப்பாக்கு ஒண்ணு

"ஊருக்கெல்லாம் முடி வெட்டுறீங்க. உங்க தலையை யாருங்க வெட்டினது, எலியா?"

தொப்பிக்காரர் கேட்டதும் கடையே சிரித்தது. கடை என்றால் நாற்காலியில் ஒருவர், பெஞ்சில் இரண்டு பேர், அவ்வளவுதான்.

சலூன்காரர் கண்ணாடியில் தன் தலையைப் பார்த்துக்கொண்டார். சிரித்தவர்கள் மேல் தப்பே இல்லை. காதுக்கு மேலே ஒரு கோடு, உச்சியில் இரண்டு, பின்னால் ஒன்று. கோணல்மாணலாக, தோல் தெரிகிற அளவுக்கு மிஷின் ஓடியிருந்தது.

"எங்க முதலாளியம்மா கைவேலை சார்."

"யாரு, மனைவியா?"

"மகள். ரெண்டு வயசு."

முதலாளியம்மா மூலையில் உட்கார்ந்து, காலி பவுடர் டப்பாவுக்கு மும்முரமாகத் தலை சீவிக்கொண்டிருந்தாள். தன்னைப் பற்றித்தான் பேச்சு என்று தெரிந்து நிமிர்ந்தாள். நெற்றியில் பாதி முடி ஸ்கேல் வைத்து வெட்டினமாதிரி இருந்தது. மறுபாதி கண்ணை மறைத்துத் தொங்கியது.

"இதென்ன கூத்து?" என்றார் தொப்பிக்காரர்.

"கத்தரிக்கோலைக் கண்டாலே தெருவைக் கூட்டிடுவா சார். இந்த ஏரியா பிள்ளைங்க எல்லாம் என்கிட்ட சமத்தா வெட்டிக்கிட்டுப் போகுதுங்க. பெத்த பொண்ணு கிட்டவே விடமாட்டேங்கிறா. முடி கண்ணுல விழுந்து, போன வாரம் கதவுல போய் முட்டிக்கிட்டா. அப்புறம்தான் ஒரு ஒப்பந்தம் போட்டோம்."

"என்ன ஒப்பந்தம்?"

"அப்பாக்கு ஒண்ணு, பாப்பாக்கு ஒண்ணு!" மூலையிலிருந்து பதில் வந்தது.

"அவ கையைப் பிடிச்சுக்குவேன் சார். என் தலையில மிஷினை ஒரு இழுப்பு இழுப்பா. பதிலுக்கு நான் அவளுக்கு ஒரு வெட்டு. தினம் ஒண்ணுதான். நாலு நாள்ல பாதி முடிஞ்சிருக்கு."

சொல்லும்போது சலூன்காரர் முகத்தில் வெட்கம் கொஞ்சமும் பெருமை நிறையவும் இருந்தது.

பெஞ்சில் இருந்த இன்னொருவர் அந்தத் தலையை மறுபடி ஒருமுறை பார்த்தார். தன் தலையைத் தடவிக்கொண்டார். "நான் அப்புறம் வர்றேன்," என்று எழுந்து போயே போய்விட்டார்.

சலூன்காரர் முகம் சுருங்கிவிட்டது. காலையிலிருந்து இப்படிப் போகிற மூன்றாவது ஆள் அவர்.

"பார்த்தீங்களா?" தொப்பிக்காரர் பிடித்துக்கொண்டார். "பிள்ளைன்னா ஒரு கண்டிப்பு வேணும். கேட்கும்போதெல்லாம் தலையைக் கொடுத்தா, நாளைக்குத் தலைமேல ஏறி உட்காரும். வெளியில நாலு பேர் சிரிக்க மாட்டாங்களா? நீங்க பிள்ளையை வளர்க்கறீங்களா, இல்ல அது உங்களை வளர்க்குதா?"

எழுதிவைத்துப் படிக்கிறமாதிரி மூச்சுவிடாமல் பொழிந்தார்.

பாப்பா அவர் முன்னால் வந்து அண்ணாந்து பார்த்தாள். "மாமா, தொப்பி கழட்டு."

அவர் இரண்டு கையாலும் தொப்பியை அழுத்திக்கொண்டார். "போம்மா, போய் விளையாடு."

நாற்காலி காலியானது. "வாங்க சார், உங்க முறைதான் எப்பவோ வந்துடுச்சே. உங்களுக்கு அப்புறம் வந்தவரையே முதல்ல விட்டீங்க."

"எனக்கென்ன அவசரம்?" என்றார் தொப்பிக்காரர்.

சலூன்காரர் பெருமூச்சு விட்டார். "இந்தத் தலையை நம்பி உட்கார உங்களுக்கும் மனசு வரல. நீங்க சொன்னது சரிதான் சார். கடைக்கு ஆளே வரலைன்னா நான் என்ன பண்றது? இப்பவே மொட்டை போட்டுடறேன். அஞ்சு நிமிஷம் இருங்க."

மிஷின் உறுமியது. பாப்பா ஓடி வந்தாள். "எனக்கு! எனக்கு!"

"இனிமே கிடையாது தங்கம். அப்பா மொட்டை போட்டுக்கப் போறேன். உனக்கு மீதியை அப்பா சும்மாவே வெட்டி விடுவேனாம்."

உதடு பிதுங்கியது. வெட்டாத பாதி முடியை இரண்டு கையாலும் பொத்திக்கொண்டு நாற்காலிக்குக் கீழே போய் ஒளிந்துகொண்டாள்.

சலூன்காரருக்கு மனசே கேட்கவில்லை. ஆனாலும் மிஷினைத் தலைக்குக் கொண்டுபோனார்.

"ஐயையோ, நிறுத்துங்க!"

தொப்பிக்காரர் பாய்ந்து வந்து சுவரிலிருந்த சுவிட்சையே அணைத்துவிட்டார். வாசலுக்குப் போய் இரண்டு பக்கமும் பார்த்தார். கதவைச் சாத்தினார். தொப்பியைக் கழற்றினார்.

நெற்றியிலிருந்து உச்சிவரை உள்ளங்கை அகலத்துக்கு ஒரு பாதை.

சலூன்காரர் வாயைப் பொத்திக்கொண்டார். "உங்க முதலாளிக்கு என்ன வயசு சார்?"

"ரெண்டரை. ட்ரிம்மரை எடுத்து ஷேவ் பண்ண உட்கார்ந்தா, மடியில ஏறி அதைப் பிடுங்கிக்குவான்."

நாற்காலிக்கு அடியிலிருந்து ஒரு தலை எட்டிப் பார்த்தது. "ஐ! மாமாக்கு ஒண்ணு!"

"அப்போ இவ்வளவு நேரம் கண்டிப்பு, கிண்டிப்புன்னு பேசினதெல்லாம்?"

"அது என் வசனம் இல்லீங்க. காலையில என் மனைவி எனக்குச் சொன்னது. ஒரு வார்த்தை மாத்தல."

சலூன்காரர் விழுந்து விழுந்து சிரித்தார். தான் மொட்டை போடப் போனதையே மறந்துபோய், அவரை நாற்காலியில் உட்காரவைத்துத் துணியைப் போர்த்தினார்.

"மொத்தமா ஒட்ட வெட்டிடறேன் சார். ஆபீஸ்ல ஒருத்தருக்கும் தெரியாது."

"அவ்வளவெல்லாம் வேணாம்." தொப்பிக்காரர் குரலைத் தாழ்த்தினார். "லேசா ஒதுக்கிவிட்டா போதும். சாயங்காலம் வீட்டுக்குப் போனா, அவனுக்கு வெட்ட ஏதாவது மிச்சம் இருக்கணுமே!"