ஜெனோவா ஏற்றிய லினக்ஸ்

ஜெனோவாவுக்குப் பிறவியிலேயே பார்வை இல்லை. கல்லூரியில் வரலாறு கற்பிக்கிறாள். அவள் வாங்கும் ஒவ்வொரு மடிக்கணினியையும் அண்ணன் மிக்கேல்தான் தயார் செய்து கொடுப்பான். இந்த முறை அவளே ஒரு பென் டிரைவில் லினக்ஸ் இயங்குதளத்தை ஏற்றிக்கொண்டு வந்தாள்.

"ஏட்டி, பழகின விண்டோஸ் இருக்கும்போது இது எதுக்கு?"

"நிறுவும்போதே திரையில உள்ளத வாசிச்சுச் சொல்லுமாம் அண்ணே. நானே செய்யப் போறேன். நீ திரையைப் பாக்கக் கூடாது."

மிக்கேல் சன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்தான். அவள் கணினியை இயக்கி, வழிகாட்டியில் சொல்லியிருந்தபடி மூன்று விசைகளைச் சேர்த்து அழுத்தினாள். சத்தமே இல்லை.

"நான் வேணா பாக்கட்டா?"

"திரும்பாத!"

மீண்டும் அழுத்தினாள். தகரத்தைத் தட்டியதுபோல் ஒரு குரல் கிளம்பியது. ஜெனோவா வாய்விட்டுச் சிரித்தாள். குரல் மொழியைக் கேட்டது, ஊரைக் கேட்டது. பழையதை முழுவதும் அழிக்கட்டுமா என்று கேட்டது. பாடக் குறிப்புகளை இரண்டு இடங்களில் பிரதி எடுத்து வைத்திருந்தும் கேள்வியை இன்னொரு முறை வாசிக்கவைத்துக் கேட்டாள். அழுத்திவிட்டாள்.

கடைசியில் கடவுச்சொல்லைக் கேட்டது. இதுவரை அதையும் மிக்கேல்தான் வைப்பான், தன் மகளின் பெயரை. ஜெனோவாவின் விரல்கள் சற்று நேரம் அந்தரத்தில் நின்றன. பிறகு வேகமாகத் தட்டினாள். எழுத்தைச் சொல்லாமல் ஒவ்வொன்றுக்கும் குரல், "புள்ளி, புள்ளி" என்று மட்டும் சொன்னது.

"என்னட்டி வச்ச?" என்றான் மிக்கேல், சன்னலைப் பார்த்தபடியே.

"சொல்ல மாட்டேன் அண்ணே."