பால் லாரிக்கு வழி

பால் லாரி நின்றுவிட்டது.

அவளும் நின்றுவிட்டாள்.

நடுவே பத்தடி இடைவெளி. இரண்டு பக்கமும் ஆளுயரத்துக்கு மேல் செடிவேலி. ஒரு வண்டி போகிற அகலம்தான் சாலை.

இங்கிலாந்தின் இந்த மூலையில் இதற்கு ஒரு வழக்கம் உண்டு. யாருக்குப் பக்கத்தில் ஒதுங்கும் இடம் இருக்கிறதோ அவர் பின்னால் போக வேண்டும். பேச்சே கிடையாது.

ஒதுங்கும் இடம் அவளுக்குப் பின்னால் இருந்தது. அறுபது மீட்டர். நடுவில் ஒரு வளைவு.

அவளுக்கு ரிவர்ஸ் வராது.

லைசென்ஸ் வாங்கியவள்தான். அது லெஸ்டர் நகரத்தில், அகலமான சாலையில். பரீட்சை வைத்தவர் இரண்டு கார் நீளத்துக்குப் பின்னால் போகச் சொன்னார். போனாள். அதோடு சரி.

இங்கே குடிவந்த எட்டு மாதத்தில் நான்கு தடவை மாட்டிக்கொண்டாள். நான்கு தடவையும் இறங்கி, எதிரே வந்தவரிடம் சாவியை நீட்டிவிட்டாள், ஏதோ சித்தப்பா மகனிடம் கொடுப்பதுபோல. தபால்காரர் ஒரு தடவை. பாதிரியார் ஒரு தடவை. ஆட்டுப்பண்ணைக்காரர் இரண்டு தடவை. சேற்றுப் பூட்ஸோடு ஏறி, காரை அலுங்காமல் ஒதுக்கி நிறுத்தி, மழையைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போனார்கள்.

யாரும் சிரிக்கவில்லை.

கேள்விப்பட்டுச் சிரித்தவர் இப்போது பக்கத்து சீட்டில் இருந்தார்.

அவள் கணவர் ஜெபசிங். இடது காலில் மாவுக்கட்டு. போன மாதம் ஒரு கன்றுக்குட்டிக்குப் பயந்து ஓடி, சேற்றில் வழுக்கி விழுந்தார். படுக்கையில் கிடந்தபடியே முடிவு எடுத்தார். கார் ஓட்டத் தெரியாதவர்களுக்கு இந்த ஊர் லாயக்கில்லை, நான் வேலைக்குப் போன பிறகு நீ வீட்டுக்குள் அடைந்து கிடப்பாய், லெஸ்டருக்கே திரும்பிவிடலாம்.

அங்கே மூன்றாவது மாடியில் ஒரு ஃப்ளாட் பார்த்தாயிற்று. கீழே மளிகைக் கடை, எதிரே பஸ். இன்று பத்தரைக்குக் கையெழுத்துப் போட வேண்டும். காகிதங்கள் அவர் மடியில் இருந்தன.

அதற்குத்தான் போய்க்கொண்டிருந்தார்கள். ஓட்டிப்போகிறவள் அவள்.

அவளுக்குப் போக மனமில்லை. சொல்லிப் பார்த்தாள். இந்தப் பட்டிக்காட்டில் அப்படி என்ன இருக்கிறது என்று கேட்டார். காலையில் கதவைத் திறந்தால் நீள வால் காட்டுக்கோழி ஒன்று வாடகை வசூலிக்க வந்ததுபோல் நிற்கும். பக்கத்து வீட்டு மார்கரெட் மணி அடிக்காமல் வாசலில் முட்டை வைத்துவிட்டுப் போவாள். தலைக்கு மேல் யாரும் நடக்காத வீட்டில் நாற்பத்தாறு வயதில்தான் முதல்முறையாகத் தூங்கினாள். இதையெல்லாம் காரணம் என்று எப்படிச் சொல்வது?

லாரிக்காரர் காத்திருந்தார்.

லாரிக்குப் பின்னால் ஒரு கார் வந்து நின்றது. பிறகு இன்னொன்று. பிறகு ஒரு டிராக்டர்.

ஜெபசிங் தன் பக்கத்துக் கண்ணாடியை இறக்கினார். லாரிக்காரரைக் கூப்பிடக் கையை வெளியே நீட்டினார்.

அவள் பொத்தானை அழுத்திக் கண்ணாடியை ஏற்றினாள். கையை அவசரமாக உள்ளே இழுத்துக்கொண்டார்.

ரிவர்ஸ் கியர் போட்டாள்.

கார் முனகிக்கொண்டு நகர்ந்தது. நகர்ந்த வேகத்தில் வால்பக்கம் வேலிக்குள் போய்விட்டது. முள் கீறும் சத்தம். ஜெபசிங் ஏதோ சொல்ல வாயைத் திறந்தார். அவள் பார்த்த பார்வையில் மூடிக்கொண்டார்.

முன்னால் எடுத்தாள். மறுபடி.

நான்கு தடவை வெளியே சும்மாவா நின்றாள்? பண்ணைக்காரர் பக்கக் கண்ணாடியைப் பார்க்கவே மாட்டார். உடம்பைத் திருப்பி, பக்கத்து சீட்டின் முதுகில் கையைப் போட்டு, பின்கண்ணாடி வழியே சாலையைப் பார்ப்பார். மெதுவாக, மிக மெதுவாகப் போவார்.

அவளும் திரும்பினாள். இடது கையைத் தூக்கிப் புருஷனின் தலைக்குப் பின்னால் போட்டாள். ஒற்றைக் கையில் ஸ்டியரிங்.

பத்து மீட்டர். இருபது.

வளைவு வந்தது. ஒரு பக்கம் வாய்க்கால். சக்கரம் அதன் விளிம்பில் ஏறிச் சரளையைத் தெறிக்கவிட்டது. அவள் நிறுத்தவில்லை. ஸ்டியரிங்கை அரைச் சுற்று ஒடித்தாள், நிமிர்த்தினாள். கார் சொன்ன பேச்சைக் கேட்டது.

நாற்பது. ஐம்பது.

வேலி விலகி இடம் திறந்தது. அதற்குள் நுழைந்து, ஓரமாக, நேராக நின்றாள்.

பால் லாரி ஊர்ந்து அருகில் வந்தது. லாரிக்காரர் ஸ்டியரிங்கிலிருந்து ஒரு விரலை மட்டும் தூக்கினார். இங்கே அதுதான் நன்றி. இதுவரை அவளுக்கு யாரும் விரல் தூக்கியதில்லை. வண்டிக்கு வெளியே நிற்பவளுக்கு யார் தூக்குவார்கள்?

அவளும் ஒரு விரலைத் தூக்கினாள்.

முதல் கார். ஒரு விரல். இரண்டாவது கார். ஒரு விரல். டிராக்டரில் இருந்தது அந்தப் பண்ணைக்காரரேதான். அவளைப் பார்த்தார், காரைப் பார்த்தார். இரண்டு விரல் தூக்கினார்.

அவளுக்குக் கண் நிறைந்துவிட்டது. கல்யாணத்தன்றுகூட இவ்வளவு சந்தோஷமாக இருந்ததாக அவளுக்கு நினைவில்லை.

சாலை காலியானது. அவள் கிளம்பவில்லை. எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது.

ஜெபசிங் மடியிலிருந்த காகிதங்களை அடுக்கினார். நாலாக மடித்தார். சட்டைப் பைக்குள் வைத்தார். தொண்டையைச் செருமினார்.

"பத்தரைக்கு அந்த ஆளு காத்துக்கிட்டு நிப்பானே. அவங்கிட்ட என்னன்னு சொல்ல?"

அந்தப் பக்கத்தில் யாரும் ஹாரன் அடிப்பதில்லை. எட்டு மாதத்தில் ஒரு தடவைகூட அவள் கேட்டதில்லை.

அவள் அடித்தாள். நீளமாக.

வேலிக்கு அப்பால் மேய்ந்துகொண்டிருந்த ஆடுகள் அத்தனையும் தலை தூக்கிப் பார்த்தன.