மஞ்சள் மூடி பிடித்த தேனீ

பரங்கிக்கொடிப் பந்தலில், பழைய மஞ்சள் டப்பா மூடி ஒன்றில் விளக்கெண்ணெய் தடவிக் கட்டித் தொங்கவிட்டிருந்தார்கள். இலைச்சாறு உறிஞ்ச வந்த வெள்ளை ஈக்கள், மஞ்சளில் மயங்கி அதில் ஒட்டிக்கொண்டன.

"இன்னொண்ணு! அடேயப்பா, இது எவ்ளோ பெருசு!" என்று குதூகலித்தது மூடி.

"மூடியண்ணே, அது தேனீ! விட்டுடுங்க!" என்று அலறியது அன்று காலை மலர்ந்த பெண்பூ. "எனக்கு மகரந்தம் கொண்டு வந்துக்கிட்டிருந்துச்சு. மத்தியானம் நான் வாடிடுவேன். அப்புறம் காயே கிடையாது!"

மூடி பதறியது. "எனக்குப் பிடிக்கத்தானே தெரியும், விடத் தெரியாதே!"

அப்போது காற்று வீசியது. மூடி வேண்டுமென்றே வேகமாகச் சுழன்று, பந்தல் கம்பில் படார் படாரென்று மோதிக்கொண்டது. விளிம்பு உடைந்தது. அந்த அதிர்வில் தேனீ பிய்த்துக்கொண்டு பறந்து பூவுக்குள் விழுந்தது.

"வந்துருச்சு!" என்று பூ கத்தியது.

அதற்குள் இன்னொரு தேனீ மூடியை நோக்கிப் பாய்ந்து வந்தது.

"இங்கே வராதே! பூ அங்கே இருக்கு, அங்கே!" என்று கூவியது மூடி.