ஒரு சாண் கூடுதல்

விலைக்கு வந்திருந்த இரண்டாம் மாடி வீட்டின் குழாயைத் திறந்துகூடப் பார்க்காமல், அமிர்தவல்லி தான் கொண்டுவந்திருந்த மூங்கிலின் ஒரு முனையைத் தரகர் துரைக்கண்ணுவிடம் நீட்டினாள். தன் உயரத்துக்கு மேல் ஒரு சாண் விட்டு வெட்டிய மூங்கில். மறுமுனையைத் தானே தூக்கிக்கொண்டு படியிறங்கினாள். லிஃப்ட் இல்லாத பழைய கட்டடம். வெளியே கடைத்தெருவின் இரைச்சல். முதல் திருப்பத்திலேயே மூங்கில் முட்டி, சுவரிலிருந்து சுண்ணாம்பு உதிர்ந்தது.

"கட்டிலுக்கு அளக்கறீங்களாம்மா? கழட்டி ஏத்திக்கலாமே."

"கட்டில் இல்ல. போன வருஷம் என் புருஷன் ஆஸ்பத்திரில செத்தாரு. பாடிய உள்ள கொண்டுவரக் கூடாதுன்னுட்டான் ஹவுஸ் ஓனர். முப்பது வருஷம் வாடகைக்கு இருந்த வீடு. வாசல்கூட மிதிக்காம நேரா சுடுகாட்டுக்குப் போனாரு."

மூங்கிலை இறுகப் பற்றிக்கொண்டாள்.

"நான் என் வீட்டுலேர்ந்துதான் இறங்குவேன். இன்னொரு தடவை பார்த்துருவோம். உங்க பக்கம் கொஞ்சம் தூக்கிப் பிடிங்க."

துரைக்கண்ணு செருப்பைக் கழற்றி ஓரமாக விட்டார். மூங்கிலைத் தோளில் ஏற்றிக்கொண்டார்.